மூக்கனேரியில் எட்டு மாதம், மூவாயிரம் படம், ஒன்றும் தேறவில்லை

கன்னங்குறிச்சிக் கதிர் – 18 நவம்பர், இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்குக் கொலுசுப் பட்டறையில் வேலை. வாரத்தில் ஆறு நாள் குனிந்த தலை நிமிராமல் வெள்ளிக் கண்ணி கோர்ப்பேன். ஏழாவது நாள் அண்ணாந்து பார்க்க ஏதாவது வேண்டும் என்று மார்ச்சில் ஒரு பழைய கேமராவும் 150-600 எம்எம் லென்சும் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வீட்டில் சொன்ன விலை வேறு, கொடுத்த விலை வேறு. அது இருக்கட்டும்.

ஞாயிறு தவறாமல் ஆறு மணிக்கெல்லாம் நம் சேலம் மூக்கனேரிக் கரையில் இருப்பேன். அங்கே கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று வரும். தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நின்று இறக்கையடிக்கும். உடம்பெல்லாம் துடிக்கும், தலை மட்டும் ஆணி அடித்த மாதிரி அசையாது. அப்புறம் கல் விழுவதுபோல நேரே விழும். அந்த நிற்கிற காட்சி ஒன்று கிடைத்தால் போதும். எட்டு மாதமாக அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 3,112 படம். எதைத் திறந்தாலும் பறவை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பஞ்சு மூட்டை.

பட்டறையில் பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் என் கண் பிடித்துவிடும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இந்தப் படங்களைப் பார்ப்பது கொடுமை. லென்ஸ் சரியில்லையா? விற்றுவிட்டு வேறு வாங்கவா? இல்லை, ஆளே சரியில்லையா?

லென்ஸ்பித்தன் – 18 நவம்பர், இரவு 10:31

விற்கிற பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம். ஒரு படத்தை வெட்டாமல், திருத்தாமல் அப்படியே போடுங்கள். ஷட்டர் வேகம் எவ்வளவு?

கன்னங்குறிச்சிக் கதிர் – 18 நவம்பர், இரவு 10:44

போட்டிருக்கிறேன். 1/320 வினாடி என்று காட்டுகிறது. ஆட்டோவில்தான் வைத்திருந்தேன்.

மேட்டூர் மதகு – 18 நவம்பர், இரவு 10:46

600 லென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு 1/320ஆ? அண்ணே, அந்த வேகத்தில் எங்கள் ஊர் அணையே ஆடித்தான் வரும்.

லென்ஸ்பித்தன் – 18 நவம்பர், இரவு 11:20

கதிர், லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் படத்தில் பின்னால் இருக்கும் திட்டு மரமும் சேர்ந்தே கலங்கியிருக்கிறது. ஃபோகஸ் தப்பியிருந்தால் மீன்கொத்தியைத் தவிர வேறு ஏதாவது ஒன்று தெளிவாக வந்திருக்கும். இது கை ஆட்டம்.

பழைய கணக்கு ஒன்று உண்டு. கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் லென்சின் எம்எம் எண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது, 600 என்றால் 1/600. உங்கள் கேமராவில் சென்சார் சின்னது, அதனால் 600ஐ 1.5ஆல் பெருக்க வேண்டும். 900 வருகிறது. அதாவது சும்மா உட்கார்ந்திருக்கும் கொக்குக்கே 1/1000 வேண்டும். லென்சில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்பீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், பறவையின் இறக்கையை நிறுத்தாது. மீன்கொத்தி அந்தரத்தில் நிற்கும்போது 1/2500க்குக் கீழே வராதீர்கள்.

மேனுவலுக்கு மாற்றி, ஷட்டரை 2500லும், அப்பெர்ச்சரை, அதாவது லென்சின் துவாரத்தை, 6.3லும் நிறுத்திவிட்டு, ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளி உணர்வை, மட்டும் ஆட்டோவில் விடுங்கள். காலை வெளிச்சத்தில் அது 2000, 3200 என்று ஏறும், படம் பொரிப்பொரியாக வரும். வரட்டும். பொரியைக் கம்ப்யூட்டரில் குறைத்துக்கொள்ளலாம், கலங்கல் போகாது. அந்தப் பறவையில் இன்னொரு வம்பும் இருக்கிறது. பின்னால் இருண்ட தண்ணீரைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், நெஞ்சு வெள்ளை சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை 0.7 குறைத்து வையுங்கள்.

லென்ஸ் விஷயத்தில் நான் சொன்னால் கேட்கலாம். இதுவரை நான்கு மாற்றியிருக்கிறேன். வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் மாங்குயில் படம் முதல் லென்சில் எடுத்தது. இதை என் மனைவி வாரம் ஒரு தடவையாவது ஞாபகப்படுத்துவார்.

எஸ்டேட் ரைட்டர் – 19 நவம்பர், காலை 5:10

தம்பி, நான் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் ரைட்டர். பித்தன் சொன்ன கணக்கெல்லாம் எனக்கு அவ்வளவு ஓடாது. என்னிடம் இருப்பது லென்ஸ் கழற்ற முடியாத, 83 மடங்கு ஜூம் வைத்த கேமரா. ஆனால் உங்கள் படத்தைப் பார்த்ததும் ஒன்று பட்டது. தண்ணீர் தகதகவென்று மின்னுகிறது, பறவை கரிக்கட்டையாக இருக்கிறது. வெயிலைப் பார்த்து நிற்கிறீர்கள். காலையில் கிழக்குக் கரைக்குப் போங்கள். உங்கள் நிழல் எந்தப் பக்கம் நீளுகிறதோ அந்தப் பக்கம் இருக்கும் பறவையை மட்டும் எடுங்கள். மற்றதைக் கண்ணால் பார்த்துக்கொண்டால் போதும்.

ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் கேமராவைப் பையில் போட்டுவிடுங்கள். தார் ரோட்டில் கானல் நெளிகிற மாதிரி ஏரி மேலும் காற்று நெளியும். அந்த நெளிவு படத்தில் விழுந்தால் லட்ச ரூபாய் லென்சும் ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம், நிற்காதீர்கள், உட்காருங்கள். நின்ற மனிதன் பறவைக்கு எமன். உட்கார்ந்தவன் முக்கால் மணி நேரத்தில் ஒரு கல். உட்கார்ந்த இடத்திலேயே அது எப்போது கிளம்பும் என்று படிக்கலாம். அனேகமாக எச்சம் போட்டுவிட்டுத்தான் கிளம்பும், காற்று வரும் பக்கமாகத்தான் எழும்பும். எச்சம் விழுந்ததும் விரலைப் பொத்தானில் வையுங்கள். சிரிக்காதீர்கள், பலித்திருக்கிறது.

பனமரத்துப்பட்டி டீச்சர் – 19 நவம்பர், மாலை 6:48

கதிர், அந்த 3,112ஐ அழித்துவிடாதீர்கள். நீங்கள் மாதிரிக்குப் போட்ட ஆறு படத்தை இரண்டு நிமிடம் பார்த்தேன். "ஒன்று வரும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு இருக்கின்றன. நெஞ்சில் கறுப்புப் பட்டை இரண்டு இருந்தால் ஆண். ஒற்றைப் பட்டை, அதுவும் நடுவில் விட்டுப்போயிருந்தால் பெண். மூன்றாவது படத்தில் இருப்பது பெண், ஐந்தாவதில் ஆண். பஞ்சு மூட்டையிலேயே பட்டை தெரிகிறது.

படம் எடுத்த மணியும் தேதியும் கேமராவில் பதிவாகியிருக்கும். எல்லாவற்றையும் மணிவாரியாக அடுக்கிப் பாருங்கள். எந்தக் கம்பத்தில் உட்கார்ந்து கிளம்புகிறது, எங்கே நின்று அடிக்கிறது, மழைக்குப் பின் இடம் மாற்றியதா? உங்களிடம் எட்டு மாதக் கணக்கு இருக்கிறது. என்னிடம் மூக்கனேரிக்கு அவ்வளவு தொடர்ச்சியாக இல்லை. 2010இல் தன்னார்வலர்கள் அந்த ஏரியைத் தூர்வாரி, எடுத்த மண்ணையே நடுவில் திட்டாகப் போட்டு மரம் நட்டார்கள். அந்தத் திட்டுகளில் என்ன அடைகிறது என்று பார்க்க நமக்கு ஆள் போதவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் பார்ப்பதை இபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பட்டியலாகவும் போடுங்கள். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கும் வாருங்கள், கேமரா கட்டாயமில்லை.

ஃபிலிம் ரோல் தாத்தா – 20 நவம்பர், காலை 9:05

மூவாயிரமா? நாங்கள் எடுத்த காலத்தில் ஒரு ரோலுக்கு 36. காடு, மலை, வயிற்று வலி எல்லாவற்றுக்கும் சேர்த்து 36. கழுவி வரும்வரை என்ன விழுந்தது என்று தெரியாது. ஒருமுறை கிளியூர் அருவிக்குக் கீழே ஒரு பகல் முழுக்கச் சீகாரப் பூங்குருவிக்காக உட்கார்ந்து, கடைசியில் பார்த்தால் ரோல் பல்சக்கரத்தில் மாட்டவே இல்லை. கைப்பிடி சும்மாவே சுற்றியிருக்கிறது. அன்று அது பாடினது இப்போதும் காதில் இருக்கிறது, பையன் ஒருவன் ராகம் தெரியாமல் சீட்டியடிக்கிற மாதிரி. காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணன் பல கேமராக்களின் பாகங்களை ஒட்டவைத்துத் தானே ஒன்று செய்து, 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்துக்கொண்டு காட்டில் அலைந்தவர். லென்ஸ் சண்டை போடுகிறவர்கள் அதை நினைத்துக்கொள்ளலாம்.

டாப்கியர் 47 – 23 நவம்பர், இரவு 8:15

கதிர் ப்ரோ, மீன்கொத்தியோடு ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்? ஏற்காட்டு மலைப்பாதைக்கு வாருங்கள். மஞ்சள்தொண்டைச் சின்னான், பத்தடி தூரத்தில், நேருக்கு நேர். போனில் அதன் குரலைப் போட்டு ஸ்பீக்கரைப் பாறையில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் வந்து உட்காரும். இடம் இதோ: [நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர் – 23 நவம்பர், இரவு 8:52

இடக்குறிப்பை நீக்கியிருக்கிறேன். போன வருடம் இதே பகுதியில் ஒருவர் கொம்பன் ஆந்தை இருக்கும் பாறையைக் குறிப்போடு போட்டார். அடுத்த ஞாயிறு அந்தப் பாறைக்குக் கீழே பதினோரு வண்டி. அதற்கடுத்த மாதம் ஆந்தை இல்லை.

பனமரத்துப்பட்டி டீச்சர் – 23 நவம்பர், இரவு 9:30

டாப்கியர், நீங்கள் குரல் போட்டதும் அது ஆசையாக வந்து உட்காரவில்லை. தன் எல்லைக்குள் வேறொருவன் புகுந்துவிட்டான் என்று சண்டைக்கு வருகிறது. இரை தேடுவதை விட்டுவிட்டு, கூடு இருந்தால் கூட்டையும் விட்டுவிட்டு வருகிறது. வந்தால் எதிரி இல்லை, பாறை மேல் ஒரு டப்பாதான் கத்திக்கொண்டிருக்கிறது. நீங்கள் போனபின் அடுத்த வண்டி, அடுத்த டப்பா. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை அது. அழியும் ஆபத்தில் உள்ளவை என்ற பட்டியலில் இருக்கிறது. நம் மலைச்சரிவில் இருப்பதே நமக்கு அதிர்ஷ்டம்.

டாப்கியர் 47 – 23 நவம்பர், இரவு 10:02

மேடம், கோபப்படாமல் கேளுங்கள். நான் பெங்களூரில் இருக்கிறேன். மாதம் ஒரு நாள் லீவு. ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வந்து இருபது கொண்டை ஊசி ஏறி, காலை மூன்று மணி நேரம்தான் எனக்கு. கதிர் மாதிரி சைக்கிளில் போகிற தூரத்தில் ஏரி இல்லை. ஒரு தடவை குரல் போட்டால் குடியா முழுகிவிடும்? 1929இல் வெர்னே என்பவர் பெயரிலான பறவை ஆய்வுக்குழு நம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கு வந்தபோது பறவைகளைச் சுட்டு, தோலுரித்து, பெட்டியில் அடுக்கி எடுத்துப் போனார்கள். அந்தப் பட்டியலை வைத்துத்தான் நீங்களும் பேசுகிறீர்கள். நான் துப்பாக்கி கொண்டுவரவில்லையே.

இன்னொன்று. தண்ணீர்த் தொட்டி கட்டி, பழம் வைத்து, மறைவுக்குள் உட்காரவைத்து ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார்கள். அங்கே போய்ப் படம் எடுத்தவர்கள் இந்தக் குழுவிலேயே பாதிப்பேர். அது மட்டும் தூண்டில் இல்லையா?

லென்ஸ்பித்தன் – 23 நவம்பர், இரவு 10:09

பாதிப்பேரில் நானும் ஒருவன். அந்தக் கடைசிக் கேள்வி நியாயமானதுதான்.

பனமரத்துப்பட்டி டீச்சர் – 24 நவம்பர், காலை 6:20

நியாயம்தான். ராத்திரி யோசித்தேன். கோடையில் தொட்டித் தண்ணீர் பறவைக்கும் உதவுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் ஒரே இடத்தில் தினமும் தீனி கிடைத்தால் வல்லூறுக்கும் அது தெரிந்துவிடும். அதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. குரல் போடுவதில் மட்டும் மாற மாட்டேன். கூட்டுப் படமும் அப்படித்தான். மறைக்கிற கிளையை ஒருவர் ஒடித்துவிட்டு நன்றாகப் படம் எடுத்தார், மறுநாள் காக்கைக்கும் நன்றாகத் தெரிந்தது.

எஸ்டேட் ரைட்டர் – 24 நவம்பர், இரவு 7:40

டாப்கியர் தம்பி, மூன்று மணி நேரம்தான் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. மாசி, பங்குனியில் வாருங்கள். காப்பிக்கு நிழல் கொடுக்கும் கல்யாண முருங்கை பூத்திருக்கும். இலை இருக்காது, பூ மட்டும் சிவப்பாக. மைனா, கரிச்சான், சின்னான், தேன்சிட்டு எல்லாம் ஒரே மரத்தில் வந்து விழும். அது முடிகிற நேரத்தில் சில்வர் ஓக் பூக்கும். மரம்தான் கூப்பிட வேண்டும், ஸ்பீக்கர் எதற்கு? தோட்டத்துக்குள் வருவதென்றால் முன்னாலேயே கேட்டுவிட்டு வாருங்கள். காப்புக்காட்டுப் பக்கம் அனுமதியில்லாமல் காலெடுத்து வைக்காதீர்கள், ஃபாரஸ்டுக்காரர்கள் கேஸ் போடுவார்கள். அதைவிட முக்கியம், காட்டெருமை. போன மாதம் காலை ஆறரைக்கு ஒரு வேதிவால் குருவியைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தேன். வெள்ளை ஆண், வால் ஒரு முழம், காப்பிச் செடி இருட்டில் ரிப்பன் மாதிரி போகிறது. முதுகுக்குப் பின்னால் புஸ் என்று ஒரு மூச்சு. திரும்பினால் பதினைந்தடியில் ஒரு கடா. கேமராவை எங்கே வைத்தேன் என்று பத்து மணிக்குத்தான் போய்த் தேடினேன்.

மேட்டூர் மதகு – 24 நவம்பர், இரவு 7:58

எருமை எச்சம் போட்டுவிட்டுக் கிளம்பியதா என்று சொல்லவில்லையே.

டாப்கியர் 47 – 24 நவம்பர், இரவு 9:11

பங்குனியில் வருகிறேன். ஸ்பீக்கர் வண்டியிலேயே இருக்கும். ஒத்துக்கொண்டேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், வருகிறேன் என்றுதான் சொன்னேன்.

கன்னங்குறிச்சிக் கதிர் – 10 டிசம்பர், இரவு 9:25

இரண்டு வாரம் மழை, போக முடியவில்லை. அந்த நேரத்தில் டீச்சர் சொன்னபடி படங்களை அடுக்கினேன். தூங்கிக்கொண்டே அடுக்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று தெரிந்தது. ஆறரையிலிருந்து ஏழேகால் வரை எடுத்த படங்களில் முக்கால்வாசி ஒரே இடத்தில், தெற்குத் திட்டுக்கும் பட்டுப்போன கருவேல மரத்துக்கும் நடுவில். நான் ஒவ்வொரு ஞாயிறும் அதற்கு நேர் எதிர்க் கரையில் போய் நின்றிருக்கிறேன், டீக்கடை பக்கம் என்பதால்.

இன்னொரு வில்லங்கம். லென்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி ஒரு ஓரத்தில் இருக்கிறது. என்ன அது?

லென்ஸ்பித்தன் – 10 டிசம்பர், இரவு 9:40

பூஞ்சை. மழையில் நனைந்த பையிலேயே வைத்துப் பூட்டினீர்களா? ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் படத்தில் தெரியாது, ஆனால் விட்டால் பரவும். நல்ல கடையில் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள், நீங்களே திருகாணியைக் கழற்றாதீர்கள். கொலுசுக் கை துறுதுறுவென்று இருக்கும், தெரியும். அப்புறம் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல் கால் கிலோ, நூறு இருநூறு ரூபாய் ஈரப்பத மீட்டர் ஒன்று. ஈரப்பதம் 40க்கும் 50க்கும் நடுவில் இருந்தால் போதும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் லேசாக வறுத்துத் திரும்பப் போடலாம். சமையல் வாணலியில் வேண்டாம், இதையும் அனுபவத்தில் சொல்கிறேன்.

எஸ்டேட் ரைட்டர் – 17 டிசம்பர், இரவு 8:05

கதிர் தம்பி, அடுத்த ஞாயிறு மூக்கனேரிக்கு லீவு விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் மேலே வாருங்கள். தோட்டத்தில் பழம் எடுப்பு நடக்கிறது. நேற்று ஒரு அக்கா இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு செடிக்குள் போனவர் அப்படியே நின்றுவிட்டார். காலடியில் ஒரு பக்கி, அந்த இரவுப் பறவை. சருகோடு சருகாக உட்கார்ந்திருக்கிறது. நான் ஐந்து நிமிடம் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை, அவர் விரல் நீட்டிக் காட்டியபின் முதலில் கண் இமைக்கீறல்தான் தெரிந்தது. அந்த வரிசையை விட்டுவிட்டு அடுத்த வரிசை எடுக்கச் சொல்லிவிட்டேன். பகலில் அது நகராது, அதே இடத்துக்குத் தினமும் வருகிறது. இருபதடி தள்ளி உட்கார்ந்து எடுக்கலாம். ஃபிளாஷ் கூடாது.

பனமரத்துப்பட்டி டீச்சர் – 17 டிசம்பர், இரவு 8:30

முட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பக்கி கூடு கட்டாது, வெறும் தரையில்தான் இடும்.

எஸ்டேட் ரைட்டர் – 17 டிசம்பர், இரவு 8:41

இல்லை டீச்சர். சாயங்காலம் அது பறந்தபின் பார்த்துவிட்டேன்.

கன்னங்குறிச்சிக் கதிர் – 21 ஜனவரி, இரவு 9:50

நீண்ட நாளாக எழுதவில்லை, பொங்கல் வேலை. தை மாதம் பட்டறையில் இரவு பகல் கிடையாது.

முதலில் பக்கி. 1/125தான் கிடைத்தது, சின்ன முக்காலியைத் தரையோடு வைத்து, குப்புறப் படுத்து எடுத்தேன். அது அசையவே இல்லை, அதனால் அந்த வேகம் போதும் என்று பித்தன் அண்ணன் முன்னாலேயே சொல்லியிருந்தார். படத்தைப் பெரிதாக்கினால் இறகு ஒவ்வொன்றிலும் சருகின் நரம்பு மாதிரி கோடு. எங்கள் பட்டறையில் எந்த அச்சிலும் அப்படி ஒரு வேலை வராது. அக்காவிடம் கேமராத் திரையில் காட்டினேன். "நான்தானே முதல்ல பாத்தேன், எனக்கு ஒண்ணு குடு" என்றார்.

அடுத்து, மீன்கொத்தி. போன ஞாயிறு தெற்குத் திட்டுக்கு நேரே, கிழக்குக் கரையில், 6:50க்கு. 1/2500, ஐஎஸ்ஓ 2800. இணைத்திருக்கிறேன். இடது இறக்கையின் நுனி சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. ஆனால் கண் இருக்கிறது.

லென்ஸ்பித்தன் – 21 ஜனவரி, இரவு 9:58

கண் இருக்கிறது! அலகு நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இருக்கிறது, பார்த்தீர்களா? அடுத்த தடவை 600 வரை இழுக்காதீர்கள், 500இல் நிறுத்தினால் இறக்கைக்கு இடம் இருக்கும்.

பனமரத்துப்பட்டி டீச்சர் – 21 ஜனவரி, இரவு 10:15

ஒற்றைப் பட்டை. பெண். மூன்றாவது படத்தில் இருந்தவளேதானா என்று சொல்ல முடியாது, ஆனால் அதே இடம். இபேர்டில் ஏற்றிவிட்டீர்களா?

கன்னங்குறிச்சிக் கதிர் – 21 ஜனவரி, இரவு 10:22

ஏற்றிவிட்டேன் டீச்சர். ரைட்டர் அண்ணா, அக்காவுக்குப் பக்கியை 8x12 பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிறு முதல் பஸ்ஸில் வருகிறேன்.

எஸ்டேட் ரைட்டர் – 22 ஜனவரி, காலை 5:05

வாருங்கள். ஆனால் சட்டம் போட்டுக் கண்ணாடியோடு கொண்டுவாருங்கள் தம்பி. அக்காவின் லயத்து வீட்டில் விறகடுப்பு, வெறும் காகிதம் ஒரு மாதத்தில் கறுத்துவிடும். சுவரில் இடம் காலி செய்தாயிற்று, முருகனுக்குப் பக்கத்தில்.